வன்னி மாடும் வெக்கை நோயும்: ஒரு வரலாற்று நோக்கு

வன்னியின் வரலாற்றை எழுதப் புகுந்தோர் பெரும்பாலும் வன்னியரின் குறுநில ஆட்சியையும், குளங்களையும், 1803ஆம் ஆண்டில் முல்லைத்தீவுக் கோட்டையைத் தாக்கிய பண்டாரவன்னியனையுமே பேசியுள்ளனர். அஃது இயல்பே. ஆயினும் அக்குளத்து நீர் பாய்ந்த வயலை உழுததும், சூடு மிதித்ததும், வண்டி இழுத்ததும், விளைவு பொய்த்த ஆண்டில் விற்றுக் குடும்பத்தைக் காக்க உதவியதும் மாடே என்பதை நினைக்குமிடத்து, அம்மாட்டின் வரலாறு ஏன் இத்துணைப் புறக்கணிக்கப்பட்டது என்னும் வினா எழாமற் போகாது.

வன்னியில் மாடு கொட்டிலிற் கட்டி வளர்க்கப்படும் பிராணியன்று. காலபோக விதைப்புத் தொடங்கியதும் பட்டிகள் வயற்புறத்தை விட்டுக் காட்டோரத் தரவைகளுக்குச் சாய்க்கப்படும். அறுவடை முடிந்தபின் அரிதாள் மேயத் திரும்பும். உடையவன் இன்னானென்று காட்டுவது தோலிற் சுட்ட குறியே. காட்டிலே தங்கி மனிதருக்கு அடங்காதனவாகிவிட்டவற்றைக் குழுமாடு என்பர். ஊர்மாடும் குழுமாடும் எருமையும் மரையும் ஒரே குளத்தில் நீரருந்தும் இந்நிலத்திலே, மூச்சாலும் எச்சிலாலும் பரவும் தொற்றுநோய் ஒன்று நுழையுமாயின் அதனை வேலி கட்டித் தடுத்தல் எளிதன்று.

அத்தகைய நோயே வெக்கை. ஆங்கிலத்தில் வழங்கும் ‘ரிண்டர்பெஸ்ட்’ என்னும் பெயர் மாட்டுக் கொள்ளைநோய் எனப் பொருள்படும் ஜேர்மன் சொல்லாகும். கடுங்காய்ச்சல், வாய்ப்புண், கண்ணிலும் மூக்கிலும் நீர்வடிதல், பின்னர் ஓயாத கழிச்சல் என இது முற்றும். முன்னர் இந்நோயை அறியாத மந்தையில் நூற்றுக்குத் தொண்ணூறு வரை மாள்வதுமுண்டு. பிரித்தானியர் ஆட்சியில் இலங்கை இதனால் மீண்டும் மீண்டும் அல்லலுற்றது. யாழ்ப்பாணத்திற் பணிபுரிந்தபின் 1908 முதல் 1911 வரை அம்பாந்தோட்டையில் உதவி அரசாங்க அதிபராக விளங்கிய லெனாட் வூல்ப், அங்கு வெக்கை பரவியகாலத்து நோய்ப்பட்ட மாடுகளைச் சுட்டுக்கொல்விக்க நேர்ந்ததையும், அதனால் மக்களின் வெறுப்புக்கு ஆளானதையும் எழுதியுள்ளார். சட்டம் சரியானதே, எனினும் ஒரு சோடி எருமையை இழந்த உழவனுக்கு அடுத்த போகமே இல்லாதொழிகின்றது என்பதைச் சட்டம் எங்கே கண்டது?

இந்நோயை வெல்லும் முயற்சி ஆய்வுகூடங்களில் நெடுங்காலம் நடைபெற்றது. இமயமலைச் சாரலிலுள்ள முக்தேசுவர் ஆய்வு நிலையத்தில் 1920களில் ஜே. ரி. எட்வேட்ஸ் என்பார் நோய்க்கிருமியை ஆடுகளில் ஒன்றன்பின் ஒன்றாகச் செலுத்தி, அதன் கொடுமையை மாட்டின் மட்டிற் குறைத்தார். ஆட்டுத் தடுப்புமருந்து இவ்வாறு பிறந்தது. ஆயினும் சில இன மாடுகளை அது கடுமையாக வருத்திற்று. இக்குறையைத் தீர்த்தவர் கென்யாவின் முகுகா ஆய்வு நிலையத்திற் பணியாற்றிய வோல்ற்றர் பிளவ்றைற் ஆவார். அவரும் அவருடைய துணைவர்களும் கன்றின் சிறுநீரகக் கலங்களைக் கண்ணாடிக் குடுவையில் வளர்த்து, அவற்றிலே வைரசினை ஏறத்தாழத் தொண்ணூறு தடவை மாற்றி மாற்றி வளர்த்தனர். ஈற்றில் நோயைத் தராது நிர்ப்பீடனத்தை மட்டும் தரும் வித்து ஒன்று கிடைத்தது. ஒருமுறை ஏற்றினால் மாட்டின் ஆயுள் முழுவதற்கும் அது போதுமானது. இப்பணிக்காக அவர் 1999இல் உலக உணவுப் பரிசினைப் பெற்றார்.

இலங்கையோ 1946ஆம் ஆண்டின் பின்னர் இந்நோயின்றி வாழ்ந்தது. நாற்பத்தொரு ஆண்டுகள் கழிந்தன. வெக்கை கண்டறியாத மாடுகளே பட்டிகளை நிரப்பின. 1987 யூலை இறுதியில் இந்திய அமைதிப் படை வந்திறங்கியது. படையினரின் உணவுக்கெனக் கொண்டுவரப்பட்ட உயிர் ஆடுகளுடனேயே வெக்கையும் மீண்டும் நாட்டினுள் நுழைந்தது என்பது கால்நடை மருத்துவ அறிஞர் ஏற்றுக்கொண்ட விளக்கமாகும். முக்தேசுவரில் மருந்துக்கு வழிகாட்டிய ஆடே இங்கு நோயைச் சுமந்து வந்ததை விதியின் விளையாட்டென்று கூறி அமையலாம். ஆனால் வரலாற்று மாணவன் அவ்வாறு அமைதல் தகாது. சரியாக நூறாண்டுகளுக்கு முன், 1887இல், எரித்திரியாவில் இறங்கிய இத்தாலியப் படையின் மாடுகளுடன் நுழைந்த வெக்கையே பின்னர் ஆபிரிக்காவை அழித்ததென்பது வரலாற்றாசிரியர் பலரின் கொள்கை. படையின் உணவுவண்டி நோய்த்தடைக் காவலுக்கு உட்படாது செல்வது இரு நிகழ்ச்சிகளிலும் பொதுவாகக் காணப்படுகின்றது.

1987இல் இங்கு தனித்தெடுக்கப்பட்ட வைரசு செம்மறிகளிலும் வெள்ளாடுகளிலும் எவ்வாறு தொழிற்படுகின்றதென ஆராயப்பட்டு, 1990இல் அம்முடிவுகள் வெளியாயின. அதே ஆண்டு மார்ச்சில் அமைதிப் படை நீங்கியது. யூனில் போர் மீண்டும் மூண்டது. பிளவ்றைற்றின் மருந்து குளிரிலே பேணப்படவேண்டிய ஒன்று. மின்சாரமும் எரிபொருளும் அற்றுப்போன, பாதைகள் மூடப்பட்ட ஒரு நிலப்பரப்பில் அதனை ஏந்திச் செல்வதன் இடர் விரித்துரைக்க வேண்டியதன்று. போர் நிகழ்ந்த வடக்கு, கிழக்குப் பகுதிகளிலே நோய் நீடித்து, 1994இலேயே இறுதியாக ஒழிந்தது. உலகின் இறுதி நோயாளி 2001இல் கென்யாவிற் காணப்பட்ட காட்டெருமையாகும். 2011இல் வெக்கை உலகினின்றும் ஒழிந்ததென அறிவிக்கப்பட்டது. பெரியம்மைக்கு அடுத்து மனிதன் முற்றாக ஒழித்த நோய் இதுவொன்றே.

மாட்டோடு முடியும் கதையன்று இது. குழந்தைகளைப் பீடிக்கும் சின்னமுத்தின் வைரசும் வெக்கையின் வைரசும் ஒரே குடும்பத்தன. மாட்டு மந்தைகளையும் மக்கள் திரண்ட நகரங்களையும் மனிதன் அமைத்தபின், ஒரு பொது மூதாதையினின்றும் இரண்டும் பிரிந்தன. பேர்லினில் 1912இல் இறந்த இரண்டு வயதுப் பெண்குழந்தையொன்றின் பேணப்பட்ட நுரையீரலை ஆராய்ந்த அறிஞர்கள், இப்பிரிவு கிறித்துவுக்கு முன் ஆறாம் நூற்றாண்டளவிலேயே நிகழ்ந்திருக்கலாமென 2020இல் கணித்தனர். கண்ணகை அம்மனின் முன் குழந்தைக்காகவும் பட்டிக்காகவும் ஒரே நேர்த்திக்கடன் வைத்த வன்னித் தாய் இவ்வுறவை அறிந்திருக்கவில்லை. ஆயினும் அவளுடைய அச்சம் இரண்டையும் பிரித்தறியவில்லை. சின்னமுத்துத் தடுப்பூசி இலங்கையில் 1984இல் தேசியத் திட்டத்திற் சேர்க்கப்பட்டது. 2019இல் நாடு அந்நோயை நீக்கியதென உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. குழந்தைக்கு ஊசியேற்றப்பட்ட தேதி அதன் அட்டையிலே பதியப்பட்டிருக்கின்றது. பட்டிக்கு அட்டையில்லை.

உலக வெக்கை ஒழிப்பினைக் கூறும் நூல்களில் இலங்கை ஓரிரு வரிகளில் வந்து மறைகின்றது. அவ்வரிகளை விரித்தெழுதும் பொறுப்பு நம்முடையது. 1987இல் இருபது வயதிற் பட்டி மேய்த்தவர் இன்று அறுபதை அணுகியிருப்பார். வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் இப்போது பல்கலைக்கழகப் பீடங்கள் உள்ளன. பேராதனையிற் கால்நடை மருத்துவம் கற்பிக்கப்படுகின்றது. வரலாற்று மாணவர் ஒருவரும் கால்நடை மருத்துவ மாணவர் ஒருவருமாக இணைந்து, ஒரு சிறுபோக விடுமுறையில் நெடுங்கேணியிலிருந்து ஒட்டுசுட்டான் வரை நடப்பார்களாயின், எந்தக் குறி சுட்ட பட்டி எந்தத் தரவையில் வீழ்ந்தது என்பதைச் சொல்லக்கூடியவர்களை அவர்கள் இன்னும் சந்திக்கலாம்.