உளவளத்துணை: தொடங்குமுன் அறியத்தக்கவை

மனத்தில் நேர்ந்த துயரத்தையோ அச்சத்தையோ குழப்பத்தையோ, அதற்கெனப் பயிற்சி பெற்ற ஒருவரின் முன்னிலையில், குறித்த காலத்தில், இருவரும் முன்கூட்டி ஒப்புக்கொண்ட நிபந்தனைகளுக்கு உட்பட்டு, பேச்சின் வாயிலாக ஆராய்ந்து தெளிவு பெற முயலும் முறை உளவளத்துணை எனப்படும். தமிழ்நாட்டில் இதனை ‘மனநல ஆலோசனை’ என்று எழுதுவதும் ‘கவுன்சலிங்’ என்று பேசுவதும் வழக்கம். இலங்கைத் தமிழர் ‘உளவளத்துணை’ என்றும், துணை தருபவரை ‘உளவளத்துணையாளர்’ என்றும், நாடி வருபவரைத் ‘துணைநாடி’ என்றும் வழங்குவர். இவ்விரு வழக்குகளில் இலங்கை வழக்கே பொருளுக்கு நெருக்கமானது என்பது இக்கட்டுரையாசிரியரின் அபிப்பிராயம். ஏனெனில், ஆலோசனை என்ற சொல்லைக் கேட்ட மாத்திரத்தில் நம் உள்ளம் எதிர்பார்ப்பது புத்திமதியை. புத்திமதியோ, துன்பத்தில் இருப்பவனுக்குத் தாய்மாமன் முதல் அடுத்த வீட்டுக்காரர் வரை எல்லாரிடமும் கேளாமலே கிடைத்துவிடுவது. அதை எதிர்பார்த்துச் செல்பவர், முதல் நாள் ஒரு மணி நேரம் தாமே பேசிவிட்டு, ‘அவர் ஒன்றுமே சொல்லவில்லையே’ என்ற ஏமாற்றத்துடன் திரும்புகிறார். பலர் மறுமுறை செல்வதுமில்லை. துணை என்பது வழியைச் சுட்டிவிட்டு நின்றுவிடுவதன்று, உடன் நடப்பது என்பதை முதலிலேயே அறிந்திருந்தால் இந்த ஏமாற்றத்தைப் பெரும்பாலும் தவிர்க்கலாம்.

பேச்சினால் நோய் தணியும் என்ற எண்ணம் பழமையானதே ஆயினும், அதனை ஒரு சிகிச்சை முறையாக வகுக்கும் முயற்சி வியன்னா நகரத்தில் யோசப் பிராயரும் சிக்மண்ட் பிராய்டும் 1895 இல் ஹிஸ்டீரியாவைப் பற்றி வெளியிட்ட நூலோடு வேரூன்றிற்று. கல்கத்தாவில் கிரீந்திரசேகர போஸ் 1922 இல் இந்திய உளப்பகுப்பாய்வுச் சங்கத்தை நிறுவினார். அமெரிக்கரான கார்ல் ராஜர்ஸ் 1942 இல் வெளியிட்ட நூலில், நாடி வருபவரை நோயாளி என்று அழைப்பதையே விடுத்து, தம் வாழ்க்கையைப் பற்றித் தாமே முடிவு செய்யவல்லவராக அவரைக் கருத வேண்டும் என்று வற்புறுத்தினார். இக்கருத்து இந்தியர்க்குப் பொருந்துமா என்ற வினாவை எழுப்பியவர்களுள் மனநல மருத்துவரும் பஞ்சாபிக் கவிஞருமாகிய ஜஸ்வந்த் சிங் நேகி குறிப்பிடத்தக்கவர். குரு சிஷ்ய பாவத்தையே இங்குள்ள சிகிச்சை உறவுக்கு முன்மாதிரியாகக் கொள்ளலாகாதா என்பதை 1973 இல் அவர் ஒரு கட்டுரையில் ஆராய்ந்தார். அதில் ஆழ்ந்த உண்மை உண்டு. நம் குடும்பங்களில் வளர்ந்த ஒருவர், வெறுமனே தலையசைத்துக்கொண்டு அமர்ந்திருக்கும் அந்நியரின் முன் கைவிடப்பட்டவர்போல உணர்வது இயல்பே. ஆனால், குருவைக் கேள்வி கேட்கச் சிஷ்யன் தயங்குவான். இங்கோ, கேள்வி கேட்காமல் அடியெடுத்து வைப்பதே பெரும்பான்மையான தொல்லைகளுக்கு மூலகாரணமாகிறது.

யாரிடம் செல்வது

மனநல மருத்துவர் என்பவர் மருத்துவப் பட்டம் பெற்றபின் மனநோய் இயலில் மேற்படிப்பு முடித்தவர். மருந்து எழுதித்தரும் உரிமை உடையவர். மருத்துவ உளவியலாளர் உளவியலில் முதுகலைப் பட்டத்துக்குப் பின் மருத்துவமனைப் பயிற்சியுடன் கூடிய உயர்படிப்பை முடித்து, 1992 ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் அமைந்த இந்திய மறுவாழ்வுக் கழகத்தில் தம் பெயரைப் பதிவு செய்துகொண்டவர்; அவர் மருந்து தருவதில்லை. இவர்களோடு மனநலச் சமூகப் பணியாளர், மனநலச் செவிலியர் ஆகியோரையும் 2017 ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் மனநலத் தொழில்முறையாளர்களாக ஏற்கிறது. ‘கவுன்சலர்’ என்ற பெயர்ப்பலகையோ இத்தகைய காப்பு உடையதன்று. நல்ல பயிற்சியும் பல்லாண்டு அனுபவமும் உடைய கவுன்சலர்கள் இருக்கவே செய்கிறார்கள். சில வாரப் பயிற்சியில் சான்றிதழ் பெற்று அதே பலகையை மாட்டியவர்களும் இருக்கிறார்கள். வாசலில் நிற்பவருக்கு இருவரும் ஒன்றுபோலவே தோன்றுவர். 2021 இல் இயற்றப்பட்ட சுகாதாரத் துணைத்தொழில்கள் பற்றிய தேசியச் சட்டம் இத்துறையினரையும் பதிவேட்டுக்குள் கொண்டுவர வகை செய்திருப்பினும், தேர்ந்தெடுக்கும் பொறுப்பு இன்றளவும் நாடிச் செல்பவருடையதாகவே இருக்கிறது.

ஆகவே, என்ன படித்தீர்கள், எங்கே பயின்றீர்கள், பதிவு எண் உண்டா, என்னைப் போன்ற சிரமத்துடன் வந்தவர்களோடு பணி செய்திருக்கிறீர்களா, எம்முறையைக் கையாள்வீர்கள் என்று கேட்டுத் தெரிந்துகொள்வதில் மரியாதைக் குறைவு எதுவுமில்லை. டாக்டரிடம் கேள்வி கேட்பது அதிகப்பிரசங்கித்தனம் என்று நம்மிடையே ஊறிப்போன எண்ணம் ஒன்று உண்டு; இந்த ஒரு விஷயத்தில் அதனை வாசலிலேயே விட்டுச் செல்ல வேண்டும். நேர்மையான துணையாளர் இக்கேள்விகளை வரவேற்பார். முகம் சுளிப்பவரைப் பற்றி அப்போதே ஒரு செய்தி தெரிந்துவிடுகிறது.

பொருள் வசதி இல்லாதவர்கள் இதனைத் தமக்கு எட்டாத ஒன்றாகக் கருத வேண்டியதில்லை. மாவட்ட மனநலத் திட்டத்தின் வாயிலாக அரசு மருத்துவமனைகளில் கட்டணமின்றி உதவி கிடைக்கிறது. 1794 இல் சென்னையில் தொடங்கிய மனநோய் இல்லத்தின் வழிவந்ததே இன்றைய கீழ்ப்பாக்கம் மனநலக் காப்பகம். அதன் புறநோயாளர் பிரிவுக்கு வந்து ஆறுதல் பெற்றுச் சென்றவர் தொகை பெரிது. ஓர் ஊரின் பெயரையே ஏச்சுச் சொல்லாக்கி, உதவி தேவைப்படுவோர் அந்தப் படியேற நாணும்படி செய்துவிட்டோமே என்பது வருந்தத்தக்கது.

உடலைப் பற்றி இங்கே ஒரு சொல். தமிழர் மனத்துயரைத் தலைபாரம், நெஞ்சுப் படபடப்பு, கைகால் அசதி, வயிற்றைப் பிசைதல் என்று உடலின் மொழியிலேயே சொல்லுவர். அது குறையன்று, அதுவே நம் மரபு. எனினும், தைராய்டுச் சுரப்பியின் கோளாறும் இரத்தசோகையும் மனச்சோர்வையும் பதற்றத்தையும் போலவே தோற்றமளிக்கக் கூடியவை. ஆதலால் பொது மருத்துவரிடம் ஒருமுறை பரிசோதனை செய்துகொண்டு செல்வது நலம். ஏற்கனவே மருந்து உட்கொள்பவர், பேச்சுமுறை தொடங்கிவிட்டது என்ற துணிவில் மருத்துவரைக் கேளாமல் அதனை நிறுத்தலாகாது.

இரகசியமும் அதன் எல்லைகளும்

துணைநாடி சொல்பவை வெளியே செல்லமாட்டா என்பதே இவ்வுறவின் அஸ்திவாரம். 2018 இல் நடைமுறைக்கு வந்த மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 23 ஆம் பிரிவு, மனநோய் உடையவரின் மனநலம், சிகிச்சை ஆகியவை பற்றிய செய்திகள் இரகசியமாகக் காக்கப்படுவதை அவரது உரிமையாக்குகிறது. 25 ஆம் பிரிவு தம் அடிப்படை மருத்துவக் குறிப்புகளைத் தாமே பார்க்கும் உரிமையை அளிக்கிறது. ஆயினும் இரகசியம் எல்லையற்றதன்று. உயிருக்கு ஆபத்து நேரும் என்ற நிலையிலும், பிறர்க்குத் தீங்கு விளைவதைத் தடுக்கும் பொருட்டும், நீதிமன்றம் ஆணையிடும்போதும், தேவையான அளவுக்கு அது தளர்த்தப்படலாம். பதினெட்டு வயது நிரம்பாதவர்மீது பாலியல் குற்றம் நடந்ததை அறிய நேர்ந்தால், 2012 ஆம் ஆண்டுப் போக்சோ சட்டத்தின்படி யாராயினும் அதனைக் காவல் துறைக்கு அறிவித்தாக வேண்டும்; துணையாளரும் இதற்கு விலக்கல்லர். இவ்வெல்லைகள் யாவை என்பதை முதற்சந்திப்பிலேயே துணையாளர் விளக்க வேண்டும். விளக்காவிடில், அந்தரங்கமான எதனையும் திறப்பதற்கு முன் துணைநாடியே கேட்க வேண்டும்.

சட்டம் சொல்லாத இடங்களிலேதான் சிக்கல் மிகுதி. நம் நாட்டில் ஒருவர் தனியே வருவது அருமை; மகளை அம்மா அழைத்து வருகிறார், கணவனை அண்ணன் அழைத்து வருகிறார், கட்டணமும் அவர்களே கொடுக்கிறார்கள். கட்டணம் கொடுத்தவர் வாசலில் நின்றுகொண்டு ‘என்ன சொன்னாள்?’ என்று கேட்பது, பாசத்தால் கேட்பதேயாயினும், உள்ளே பேசியவரின் நாவைக் கட்டிவிடும். எது பகிரப்படும், எது பகிரப்படாது என்பதை மூவரும் ஒருசேர அமர்ந்து முதல் நாளே தீர்மானித்துக்கொள்ள வேண்டும். வளரிளம் பருவத்துப் பிள்ளைகள் விஷயத்தில் இது இன்றியமையாதது. தம்பதிகளாகச் செல்பவர்கள் மற்றொன்றும் கேட்கக் கடவர்: ஒருவர் தனித்துச் சொன்னதை மற்றவரிடம் மறைப்பீர்களா, மறைக்கமாட்டீர்களா என்பது அது. துணையாளர்தோறும் இதில் கொள்கை வேறுபடும். எந்தக் கொள்கையாயினும் சரி, முன்னமே தெரிந்திருத்தல் வேண்டும். தொலைபேசியிலோ கணினியிலோ பேசுவோர் தம் வீட்டுச் சுவர்களையும் எண்ணிப் பார்க்க வேண்டும். இரண்டு அறை வீட்டில் கதவைச் சாத்தினாலே ஏன் என்று கேட்கும் குடும்பங்களில், மொட்டை மாடியும் நிறுத்திவைத்த காருமே பலருக்கு ஆலோசனை அறையாகின்றன.

முதற் சந்திப்பும் பின்னர் நிகழ்வனவும்

ஒரு சந்திப்பு பொதுவாக 45 முதல் 60 நிமிடம் வரை நீளும். வாரம் ஒருமுறை என்பது பெருவழக்கு. கட்டணம் எவ்வளவு, வர இயலாத நாளுக்குக் கட்டணம் உண்டா, இடையில் தொலைபேசியில் அழைக்கலாமா என்பவற்றைப் பேசிக்கொள்ளுதல் பின்னாளைய மனக்கசப்பைத் தவிர்க்கும். முதற் சந்திப்பில் துணையாளர் குடும்பம், உறக்கம், பசி, தொழில், குடிப்பழக்கம், பழைய நோய்கள் என்று பலவற்றையும் விசாரிப்பார். எல்லாவற்றையும் அன்றே சொல்லித்தீர வேண்டும் என்ற நியதி இல்லை. ‘இதைப் பற்றி இன்று பேச விருப்பமில்லை’ என்பதும் முறையான விடையே. உட்கொள்ளும் மருந்துகளின் பெயர்களையும், எந்த நாள்களில் துன்பம் மிகுகிறது என்பதையும் ஒரு தாளில் குறித்துச் செல்வது பயன்தரும்.

மொழியைப் பற்றிச் சிந்திப்பவர் குறைவு. அதுவோ பெரிய காரியம். உளவியற் கல்வி நம் கல்லூரிகளில் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே நடைபெறுவதால், துணையாளர் ஆங்கிலக் கலைச்சொற்களில் சிந்திக்கப் பழகியிருப்பார். துணைநாடியோ ‘மனசு ஒரு மாதிரியா இருக்கு’, ‘வெறுப்பா இருக்கு’, ‘அடிச்சுப் போட்ட மாதிரி இருக்கு’ என்பார். வெறுப்பு என்ற அந்த ஒரு சொல்லில் சலிப்பும் கோபமும் வாழ்க்கையில் பற்றின்மையும் ஒன்றாய்க் கலந்திருக்கக்கூடும். அழும்போது எம்மொழியில் அழுகிறோமோ அம்மொழி தெரிந்தவரைத் தேடுவதே உத்தமம். இயலாவிடில், தம் சொல்லுக்குப் பொருளைத் தாமே விரித்துச் சொல்லத் துணைநாடி தயங்கலாகாது.

எவ்வளவு காலத்தில் பலன் தெரியும் என்ற கேள்விக்குத் திட்டமான விடை இல்லை. கென்னத் ஹோவர்டும் அவர் தோழர்களும் 1986 இல் பல ஆய்வுகளைத் தொகுத்து நோக்கியபோது, எட்டுச் சந்திப்புகளுக்குள் ஏறத்தாழப் பாதிப்பேரும், இருபத்தாறு சந்திப்புகளுக்குள் ஏறத்தாழ முக்கால்வாசிப்பேரும் அளவிடத்தக்க முன்னேற்றம் அடைந்ததைக் கண்டனர். சிந்தனைப் போக்கையும் நடத்தையையும் திருத்த முயலும் ஆரோன் பெக்கின் முறை பெரும்பாலும் 12 முதல் 20 சந்திப்புகளில் அடங்கும். இளமைப் பருவத்துக் காயங்களை ஆராயும் முறைகள் ஆண்டுக்கணக்கிலும் நீளலாம். தொடக்க வாரங்களில், மூடிவைத்த புண்ணைத் திறப்பதுபோல, துயரம் சற்று மிகுந்து தோன்றுவதும் உண்டு. அதனைக் கண்டு அஞ்சி நின்றுவிடாமல் துணையாளரிடமே அதைச் சொல்ல வேண்டும். எட்வர்ட் போர்டின் 1979 இல் எடுத்துக்காட்டியவாறு, இலக்கு யாது என்பதில் உடன்பாடு, அதற்காகச் செய்ய வேண்டிய பணி யாது என்பதில் உடன்பாடு, இருவரிடையே நம்பிக்கை என்ற மூன்றும் சேர்ந்ததே இவ்வுறவின் வலிமை. ஐந்தாறு சந்திப்புகளுக்குப் பின்னும் இவற்றுள் ஒன்றும் உருவாகவில்லையெனில் வேறொருவரை நாடுவதில் நன்றிகேடு இல்லை.

தீங்கு விளையக்கூடிய இடங்கள்

துணைநாடியோடு காதல் உறவோ உடலுறவோ கொள்வதும், கடன் கொடுப்பதும் வாங்குவதும், வியாபாரத்தில் கூட்டுச் சேர்வதும் துணையாளர்க்கு விலக்கப்பட்டவை. தம் சாதியையோ சமயத்தையோ திணிப்பவரையும், ‘பொறுத்துப் போம்மா’ என்று அடிபடும் மனைவியை அடிக்கும் கணவனிடமே திருப்பியனுப்புபவரையும் துணையாளர் என்று கருத இயலாது.

ஒருபாலீர்ப்பை நோயென்று கூறி ‘மாற்றித் தருவதாக’ வாக்களிப்பவர்களைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். பெற்றோரின் எதிர்ப்புக்கு அஞ்சி மதுரையிலிருந்து சென்னைக்கு வந்து பாதுகாப்புக் கோரிய இரு பெண்களின் வழக்கில், சென்னை உயர்நீதிமன்ற நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் 2021 ஜூன் 7 அன்று பிறப்பித்த ஆணை, அத்தகைய மாற்று முயற்சிகளைத் தடை செய்யவும் அவற்றில் ஈடுபடும் தொழில்முறையாளர்மீது நடவடிக்கை எடுக்கவும் பணித்தது. அந்த ஆணையினும் வியக்கத்தக்கது அதற்கு முன் நிகழ்ந்தது. இவ்விஷயத்தில் தமக்குப் போதிய தெளிவில்லை என்பதை வெளிப்படையாக ஒப்புக்கொண்ட நீதிபதி, தீர்ப்புச் சொல்லும் முன் தாமே ஓர் உளவியலாளரை நாடிச்சென்று அமர்ந்து பேசினார். உயர்ந்த ஆசனத்தில் இருந்த ஒருவர், சட்ட நூல்களில் தமக்குக் கிட்டாத தெளிவைத் தேடித் துணைநாடியாக அமர்ந்த அச்செய்கை, இத்துறையைப் பற்றித் தமிழ்நாட்டில் எழுதப்பட்ட பல நூல்களைக் காட்டிலும் மிகுதியாக அதன் கௌரவத்தை உயர்த்திற்று என்று துணிந்து கூறலாம்.

உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் எழுந்துள்ளவர், முன்பதிவு செய்த நாள் வரட்டும் என்று காத்திருத்தல் கூடாது. 2022 இல் தொடங்கப்பட்ட ‘டெலி மானஸ்’ சேவையின் 14416 என்ற எண்ணிலும், தமிழக அரசின் 104 என்ற எண்ணிலும் எந்நேரமும் அழைத்துத் தமிழிலேயே பேசலாம். அருகிலுள்ள மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கும் செல்லலாம். முயன்று பிழைத்தவரைக் குற்றவாளியாகக் கருதிய பழைய சட்டப்பிரிவின் கடுமையை மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 115 ஆம் பிரிவு தளர்த்தி, அவர் கடும் மன அழுத்தத்தில் இருந்ததாகவே கொள்ள வேண்டும் என்று விதித்துள்ளது. ஆகவே போலீசுக்கு அஞ்சிச் சிகிச்சையை மறைக்க வேண்டுவதில்லை.

முடித்துக்கொள்ளுதல் பற்றியும் தொடக்கத்திலேயே பேசிக்கொள்வது வழக்கம். சற்றுத் தேறியதும் சொல்லாமல் நின்றுவிடுவோர் பலர். சொன்னால் துணையாளர் வருந்துவார் என்ற தாட்சண்யமே அதற்குக் காரணம். அவ்வாறன்றி, நிறுத்த விரும்புவதை ஒரு சந்திப்புக்கு முன்னரே தெரிவித்தால், கடைசிச் சந்திப்பில் வந்த நாளில் இருந்த நிலையையும் இன்றைய நிலையையும் இருவரும் ஒப்பிட்டு, துன்பம் மீண்டும் தலைதூக்கினால் முதலில் தென்படக்கூடிய அறிகுறிகள் யாவை என்பதைக் குறித்துக்கொண்டு, இரண்டு மூன்று மாதங்களுக்குப் பின் ஒருமுறை வந்து பார்த்துச் செல்வதற்கு நாளும் குறித்துக்கொண்டு பிரிவர்.