காலையில் ஆபரேஷன், மாலையில் வீடு

"காலையில் வெறும் வயிற்றோடு வாருங்கள், சாயங்காலம் வீட்டுக்குப் போய்விடலாம்" என்று டாக்டர்கள் இப்போது சர்வ சாதாரணமாகச் சொல்கிறார்கள். நம் தகப்பனார் காலத்தில் குடலிறக்க ஆபரேஷன் என்றால் பாய், தலையணை, ஃபிளாஸ்க், கஞ்சிப் பாத்திரம் என்று பாதி வீட்டைப் பெயர்த்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போவார்கள். திரும்பி வர நாள் கணக்காகும். இன்று அதே குடலிறக்கத்துக்கு முழு மயக்கம் கொடுத்து, பொழுது சாய்வதற்குள் அனுப்பிவிடுகிறார்கள்.

கூடவே ஒரு நிபந்தனையும் போடுகிறார்கள்: "பொறுப்பான ஆள் ஒருவர் உடன் வர வேண்டும், ராத்திரியும் கூட இருக்க வேண்டும்." நம்மில் பலர் இதை ஆஸ்பத்திரி சம்பிரதாயம் என்று நினைத்துவிடுகிறோம். இதன் வரலாற்றைப் படித்துப் பார்த்தால், இந்த ஏற்பாடு முழுவதும் அந்த ஒரு ஆளின் மேல்தான் நிற்கிறது என்பது புரியும். (நான் சொல்வது முழு மயக்கத்தைப் பற்றி. கண்ணை மட்டும் மரத்துப்போகச் செய்து எடுக்கும் கண்புரை ஆபரேஷன் வேறு கணக்கு.)

மயக்க மருந்தின் வயது அதிகமில்லை. 1846 அக்டோபர் 16-ஆம் நாள் பாஸ்டன் நகரில் வில்லியம் மார்ட்டன் ஈதர் கொடுத்துக் காட்டினார். அடுத்த ஆண்டே எடின்பரோவில் சிம்சன் குளோரோஃபார்மைக் கொண்டுவந்தார். அந்தக் காலத்தில் வசதி உள்ளவர்களுக்கு ஆபரேஷன் நடந்தது வீட்டில்தான். ஆஸ்பத்திரி, ஏழைகள் போகும் இடம். 1902-இல் இங்கிலாந்து மன்னர் ஏழாம் எட்வர்டுக்குக் குடல்வால் பகுதியில் சீழ் கட்டியபோது பக்கிங்காம் அரண்மனை அறை ஒன்றில்தான் மயக்கம் கொடுத்து அறுத்தார்கள். ஆபத்தும் வீட்டிலேயே நேர்ந்தது. 1848 ஜனவரியில் ஹன்னா கிரீனர் என்ற 15 வயதுப் பெண், கால் நகம் எடுக்கக் குளோரோஃபார்ம் கொடுத்ததும் சில நிமிடங்களில் தன் வீட்டிலேயே இறந்துபோனாள். மயக்கம் விளையாட்டுக் காரியமல்ல என்று உலகம் தெரிந்துகொண்டது அப்போதுதான்.

பிறகு ஆஸ்பத்திரிகள் சுத்தமாயின, கருவிகள் பெருகின. அறுவை என்றால் ஆஸ்பத்திரிப் படுக்கை என்றாயிற்று. அறுத்த பிறகு அசையாமல் கிடப்பதே மருந்து என்று டாக்டர்களும் நம்பினார்கள்.

இந்த நம்பிக்கையை எதிர்த்துக் கேள்வி கேட்டவர் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரத்து அறுவை மருத்துவர் ஜேம்ஸ் நிக்கல். 1909-இல் அவர் வெளியிட்ட அறிக்கையில், பத்தாண்டுகளில் ஏறத்தாழ 9,000 குழந்தைகளுக்கு ஆபரேஷன் செய்து, படுக்கையில் சேர்க்காமல் அன்றே வீட்டுக்கு அனுப்பிய கணக்கைக் காட்டினார். பிளவுபட்ட உதடு, குடலிறக்கம், கோணல் பாதம் எல்லாம் அதில் உண்டு. வார்டில் கட்டிப்போட்ட குழந்தையை விடத் தாயின் கையில் இருக்கும் குழந்தை அமைதியாக இருக்கும் என்பது அவர் வாதம். ஆனால் அனுப்பியதோடு அவர் கைகழுவிவிடவில்லை. நர்சுகள் வீடு தேடிப் போய்ப் பார்த்தார்கள். வீட்டு நிலைமை சரியில்லாத தாயும் பிள்ளையும் தங்க ஆஸ்பத்திரிக்குப் பக்கத்திலேயே ஒரு சின்ன வீடும் ஏற்பாடு செய்தார். பாதையின் அந்தப் பக்கம் ஒரு தாய் காத்திருக்கிறாள் என்று தெரிந்துகொண்டே அவர் குழந்தையை அனுப்பினார். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

பெரியவர்களுக்கு வழி காட்டியவர் அமெரிக்காவின் ரால்ஃப் வாட்டர்ஸ். 1916-இல் அயோவா மாநிலத்தின் சூ சிட்டியில் பல் பிடுங்குதல் போன்ற சிறு அறுவைகளுக்காக ஒரு மயக்க மருந்து நிலையம் திறந்தார். மயக்கம் தெளியும்வரை படுத்திருக்க ஒரு கட்டிலும் அங்கே இருந்தது. இன்றைய 'ரெகவரி ரூம்' என்பதற்கு அந்தக் கட்டிலை ஒரு பாட்டனார் எனலாம்.

இரண்டாம் உலகப் போரில் படுக்கைக்குப் பஞ்சம் வந்தது. நோயாளிகளைச் சீக்கிரம் எழுப்பி நடக்கவைத்தபோது அவர்கள் கெட்டுப்போகவில்லை, நன்றாகவே தேறினார்கள். கிடந்தே கிடந்தால் கால் நரம்பில் ரத்தம் கட்டுவதும் நுரையீரலில் சளி தேங்குவதும் அல்லவா மிச்சம்! 1970-இல் அமெரிக்காவின் ஃபீனிக்ஸ் நகரில் வாலஸ் ரீட், ஜான் ஃபோர்டு என்ற இரண்டு மயக்க மருத்துவர்கள் ராத்திரிப் படுக்கையே இல்லாத ஓர் அறுவை நிலையத்தைத் தொடங்கினார்கள். உலகெங்கும் இன்று பரவியிருப்பது அதன் வாரிசுகள்தான்.

பிரான்சில் இதற்கு 'ஷிருர்ஜி ஆம்புலத்துவார்' என்று பெயர். நடத்தல் என்ற லத்தீன் வேரிலிருந்து வந்த சொல். ஆம்புலன்ஸ் என்பதற்கும் அதே வேர். நடக்க முடியாதவரைத் தூக்கிவரும் வண்டிக்கும், நோயாளியை நடக்கவைத்து அனுப்பும் முறைக்கும் ஒரே தாய்ச்சொல் என்பது வேடிக்கை. அங்கே 1991 ஜூலை 31-ஆம் நாள் சட்டம்தான் படுக்கையில் சேர்க்காத இத்தகைய சிகிச்சைக்கு முறையான இடம் கொடுத்தது. மறுநாள் ஆஸ்பத்திரியே போன் போட்டு "எப்படி இருக்கிறீர்கள்?" என்று விசாரிப்பதும் அங்கே வழக்கம். நம் ஊரில் பலருக்கு அங்கே சொந்தக்காரர்கள் உண்டு, கேட்டுப் பாருங்கள்.

மருந்தும் மாற வேண்டியிருந்தது. 1934-இல் வந்த தயோபென்டால் ஊசி நொடியில் தூங்கவைக்கும். விழித்த பிறகும் மருந்து தசையிலும் கொழுப்பிலும் தங்கி, மெதுவாகத்தான் வெளியேறும். அதனால் மறுநாள்வரை தலை கனக்கும். 1986-இல் பிரிட்டனில் விற்பனைக்கு வந்த புரோபஃபால், பால் போன்ற வெள்ளை மருந்து, உடலைவிட்டுச் சீக்கிரம் விலகுகிறது, வாந்தியும் குறைவு. இதைக் கண்டுபிடித்த ஜான் கிளென் ஒரு கால்நடை மருத்துவர். 2018-இல் அவருக்கு லாஸ்கர் விருது கிடைத்தது.

சரி, எப்போது அனுப்பலாம்? "பார்த்தால் தெளிந்தவர் மாதிரி இருக்கிறார்" என்ற கண் மதிப்பு போதாது. 1970-இல் ஆல்ட்ரெட் என்ற மருத்துவர் கை கால் அசைவு, மூச்சு, ரத்த அழுத்தம், நினைவு, உடல் நிறம் ஆகிய ஐந்துக்கும் இரண்டிரண்டு மதிப்பெண் வைத்தார். அது ரெகவரி ரூமிலிருந்து வெளியே வருவதற்கான கணக்கு. வீட்டுக்குப் போவதற்கென்று கனடாவின் டொராண்டோவில் ஃபிரான்சிஸ் சங் என்ற அம்மையார் பின்னாளில் வேறு மதிப்பெண் முறை வகுத்தார். தலைசுற்றாமல் நடக்கிறாரா, வலி, வாந்தி, ரத்தக்கசிவு அடங்கியிருக்கின்றனவா என்று பார்ப்பார்கள். பத்துக்கு ஒன்பது வந்தால் போகலாம்.

இங்கேதான் நம்மவர்கள் ஏமாந்துபோகும் இடம். வீட்டுக்குப் போகத் தகுதி வேறு, தெருவில் தனியே நடமாடத் தகுதி வேறு. முதல் தகுதி சில மணி நேரத்தில் வந்துவிடும். இரண்டாவது வர மறுநாள் ஆகும். மயக்கத்துக்குப் பிறகு வண்டி ஓட்டும் திறன் எவ்வளவு நேரம் குறைந்திருக்கிறது என்று 1970-களிலேயே ஃபின்லாந்தில் கொர்த்திலா என்பவர் சோதித்திருக்கிறார். நோயாளி தெளிவாகப் பேசுவார், சிரிப்பார், ஆனால் கையும் புத்தியும் ஒரு வினாடி பின்தங்கும். ஆகவேதான் 24 மணி நேர விதி: வண்டி ஓட்டக் கூடாது, மது கூடாது, அடுப்பு மூட்டக் கூடாது, பத்திரம் எதிலும் கையெழுத்துப் போடக் கூடாது. முப்பது ஆண்டுக்கு மேல் கையெழுத்துகளோடு காலம் தள்ளிய குமாஸ்தாவான எனக்கு இந்தக் கடைசி விதி மிகவும் பிடிக்கும். பேனா பிடிக்கும் விரல் சரியாக இருந்தாலும், படித்ததை எடைபோடும் மனம் இன்னும் முழுதாகத் திரும்பியிருக்காது.

இந்த இரண்டு தகுதிக்கும் நடுவில் இருக்கும் நேரத்துக்குப் பாலம்தான் உடன் வருபவர். ஆட்டோவில் ஏற்றிவிட்டு "டிரைவர் பார்த்துக்கொள்வார்" என்று விட்டுவிட்டால் அது பாலமாகாது. டாக்டர் சொல்லும் மருந்து விவரத்தை அவரும் கேட்டுக்கொள்ள வேண்டும், ஏனென்றால் நோயாளிக்குப் பாதி மறந்துபோகும். சர்க்கரை மாத்திரை, ரத்தம் இளக்கும் மாத்திரை எப்போது திரும்பத் தொடங்குவது என்று எழுதி வாங்க வேண்டும். ராத்திரி கழிப்பறைக்குப் போகும்போது விளக்குப் போட்டுக் கூட எழுந்து நிற்க வேண்டும். நம் வயதில் ஒரு சறுக்கல் போதும், இடுப்பெலும்புக்கு. டாக்டரைக் கேட்காமல் தூக்க மாத்திரை கொடுக்கக் கூடாது. மூச்சுத் திணறல், நெஞ்சுவலி, நிற்காத வாந்தி, கட்டை நனைக்கும் ரத்தம், காய்ச்சல் கண்டால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போன் போட வேண்டும். சிறுநீர் இறங்காமை ஆண்களுக்குக் குடலிறக்க ஆபரேஷனுக்குப் பின் வரக்கூடியது. "காலையில் பார்க்கலாம்" என்று பொறுத்துக்கொள்ளாதீர்கள்.

இப்போது நம் வீடுகளை நினைத்துப் பாருங்கள். பிள்ளைகள் பாரிசிலும் சென்னையிலும். வீட்டில் எழுபத்தைந்து வயதுக் கிழவர், முழங்கால் வலியோடு கிழவி. அவர் தடுமாறினால் அந்த அம்மா தாங்குவாரா, இருவரும் சேர்ந்து விழுவார்களா? கூட்டுக்குடும்பம் இருந்த நாளில் மாலையில் அனுப்பும் வசதி இல்லை. வசதி வந்த நாளில் குடும்பம் கலைந்துவிட்டது.

ஆகவே என் யோசனை இது. ஆபரேஷனுக்குத் தேதி குறிக்கும்போதே துணைக்கு வருபவர் பெயரையும் குறித்துவிடுங்கள். எதிர்வீட்டுப் பையனோ தங்கை மகளோ, ஒரு ராத்திரிக்குக் கேட்பதில் கௌரவக் குறைச்சல் எதுவும் இல்லை. யாரும் இல்லையென்றால் டாக்டரிடம் ஒளிக்காமல் சொல்லி, ஓர் இரவு அங்கேயே தங்க இடம் கேளுங்கள். காப்பீட்டுக்காரரிடமும் முன்கூட்டியே பேசிவையுங்கள். "மகன் வருகிறான்" என்று ஒப்புக்குச் சொல்லிவிட்டுத் தனியாக வீடு திரும்புவதுதான் பெரிய ஆபத்து. தாய் தங்க வீடு தேடிக்கொடுத்துவிட்டுத்தான் நிக்கல் குழந்தையை அனுப்பினார். நூறு ஆண்டு கழித்து மருந்து மாறியிருக்கிறது, கத்தி மாறியிருக்கிறது, அந்தத் தேவை மட்டும் மாறவில்லை.