400 மில்லிமீட்டர்

எங்கள் தெருவில் ஒரு அண்ணன் இருக்கிறார். சின்ன வயதில் போலியோ வந்து இரண்டு கால்களும் செயலிழந்தவர். பம்மலில் மொபைல் ரிப்பேர் கடை வைத்திருக்கிறார். பக்கச் சக்கரம் வைத்த ஸ்கூட்டரில்தான் போய்வருவார். ஒருநாள் வண்டி மக்கர் செய்துவிட்டது. அன்றைக்குப் பார்த்து எனக்கு வொர்க் ஃப்ரம் ஹோம். "பஸ்ல போயிடலாமேண்ணா, நானும் கூட வரேன். உங்களுக்குத்தான் ஃப்ரீயாச்சே" என்றேன்.

"டிக்கெட் எனக்கும் ஃப்ரீ, கூட வர்ற உனக்கும் ஃப்ரீ. என்னைத் தூக்கி உள்ள வைக்கிறது யாரு தம்பி?"

ஆட்டோவில்தான் போனோம்.

அவர் சொன்னது சரிதான். சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் மாற்றுத்திறனாளிகளுக்கும் உடன் வரும் ஒருவருக்கும் கட்டணமில்லை என்ற திட்டம் 2021ல் வந்தது. அன்றைக்கு, பேருந்தில் ஏற முடியவில்லை என்று சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போன ஒரு வழக்குக்குப் பதினாறு வயது. அதைத் தொடுத்தவர் ராஜீவ் ராஜன். பெருமூளை வாதத்தோடு வாழ்பவர், மாற்றுத்திறனாளிகள் உரிமைக்காக இயங்குபவர். 2005ல் அவர் போட்ட பொதுநல வழக்கு இது. அரசுக்கு மனசு இல்லை என்று நான் சொல்லமாட்டேன். 2010லேயே 'ஊனமுற்றோர்' என்ற சொல்லை 'மாற்றுத்திறனாளி' என்று மாற்றி, தனித் துறையும் அமைத்தார்கள். சொல் மாறியது, டிக்கெட் மாறியது, படி மட்டும் அப்படியே இருந்தது. ஏன் என்ற கேள்விக்கு விடை பாதி சட்டத்தில் இருக்கிறது, மீதி சேஸிஸில்.

முதலில் சேஸிஸ். நம் ஊரில் பேருந்து என்பது நெடுங்காலமாக லாரி சேஸிஸ் மேல் கட்டப்பட்ட பெட்டிதான். ஏணியைப் படுக்கப் போட்ட மாதிரி ஒரு இரும்புச் சட்டகம், முன்னால் எஞ்சின், கீழே அச்சுகள். இதற்கெல்லாம் மேலேதான் தளம் வரும் என்பதால், அது ரோட்டிலிருந்து ஏறத்தாழ 900 மில்லிமீட்டரிலோ அதற்கும் மேலேயோ போய் நிற்கும். நமக்கு அது மூன்று படி. சக்கர நாற்காலிக்கு அது ஒரு சுவர். தாழ்தளப் பேருந்தில் எஞ்சின் பின்னால் போய்விடும், சஸ்பென்ஷன் காற்றில் இயங்கும், தளம் 400 மில்லிமீட்டருக்கு இறங்கிவிடும். விலை கூடுதல்தான்.

அடுத்தது சட்டம். 1995ல் மாற்றுத்திறனாளிகளுக்காக வந்த முதல் மத்தியச் சட்டம், பேருந்தும் ரயிலும் விமானமும் எல்லோரும் ஏறும்படி இருக்கவேண்டும் என்றது. கூடவே 'பொருளாதாரத் திறனுக்கு உட்பட்டு' என்று ஒரு வால் சேர்த்தது. எங்கள் துறையில் இந்த மாதிரி ஒரு கண்டிஷனை வைத்துக்கொண்டு எந்த வேலையையும் காலவரையின்றித் தள்ளிப்போடலாம். பொழிச்சலூர் இருப்பது விமான நிலையத்துக்குப் பின்பக்கம். விமானத்தில் ஏற்றிவிடும் தூக்கி பற்றி, ஜாவேத் அபிதி தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1998லேயே பேசிவிட்டது. பேருந்துக்கு அப்படி அவசரம் யாருக்கும் இல்லை. 2000களின் பிற்பகுதியில் மத்திய அரசின் நகர்ப்புறத் திட்டப் பணத்தில் சில தாழ்தள வண்டிகள் சென்னைக்கு வந்தன. அவை தேய்ந்து கழிந்ததும் பழையபடி மூன்று படிதான். 2016 சட்டம் அந்த வாலை வெட்டியது, ஆனால் முழுக்க இல்லை. பழைய வண்டிகளை மாற்றியமைக்கும் இடத்தில் மட்டும் செலவுக் கணக்கை விட்டுவைத்தது. அப்படியென்றால், இனி வாங்கும் புது வண்டிதான் சண்டைக்களம்.

அமெரிக்காவின் டென்வரில் 1978 ஜூலை 5 அன்று மாற்றுத்திறனாளிகள் 19 பேர் ஒரு சந்திப்பில் பேருந்துகளை மறித்து, இரவு முழுக்க அங்கேயே இருந்தார்கள். அந்த ஊர் பேருந்து நிர்வாகம் ஏற முடியாத வண்டிகளை வாங்கியதுதான் காரணம். சென்னைக்காரர்கள் மறித்த விதம் வேறு, டெண்டர் ஆவணத்தைப் படித்து மறித்தார்கள். வைஷ்ணவி ஜெயக்குமார் 1993ல் 'பேன்யன்' அமைப்பைத் தொடங்கிய இருவரில் ஒருவர், மாற்றுத்திறனாளிகள் உரிமைக் கூட்டணியில் இருப்பவர். 2022ல் ஆயிரத்துச் சொச்சம் உயர்தளப் பேருந்துகளுக்கு டெண்டர் வந்தபோது அவர் நீதிமன்றம் போனார். யோசித்துப் பார்த்தால் எவ்வளவு சலிப்பான வேலை! நூற்றுக்கணக்கான பக்கங்களில் தளத்தின் உயரம் எந்த வரியில் ஒளிந்திருக்கிறது என்று தேடவேண்டும். சம்பளம் கிடையாது. ஒரு டெண்டரைத் தவறவிட்டால் அந்த வண்டிகள் அடுத்த பத்து வருடத்துக்கு ஓடும்.

அரசுத் தரப்பு சொன்ன காரணங்கள் நமக்குப் பழகியவைதான்: ரோடு சரியில்லை, வேகத்தடைகள் உயரம், மழையில் தண்ணீர் நிற்கும், செலவு அதிகம். 2023ல் நீதிமன்றம் உயர்தள வண்டிகளை அடியோடு தடுக்கவில்லை. ஆனால் 552 தாழ்தளப் பேருந்துகளுக்கு வழி பிறந்தது. அசோக் லேலண்டுக்கு ஆர்டர் போனது. 2024 ஆகஸ்டில் முதல் வண்டிகள் சென்னையில் ஓடத் தொடங்கின. மனு போட்டதிலிருந்து 19 வருடம்.

இதைக் கொண்டாடத்தான் வேண்டும். ஆனால் அரசு சொன்ன ரோடு விஷயம் பொய் இல்லையே! எங்கள் ஊர் அதற்குச் சாட்சி. 2021ல் தாம்பரம் மாநகராட்சி உருவானபோது பக்கத்து பம்மலும் அனகாபுத்தூரும் அதற்குள் போயின, பொழிச்சலூர் ஊராட்சியாகவே நின்றது. போன வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நாங்கள் நாலு பேர் இன்ச் டேப்போடு வீட்டுப் பக்கத்து பஸ் ஸ்டாப்பை அளக்கப் போனோம். அண்ணன் ஸ்கூட்டரில் உட்கார்ந்தபடியே நோட்டில் எழுதிக்கொண்டார். மேடை என்று எதுவும் இல்லை. தார் முடிந்தால் மண், மண் முடிந்தால் கால்வாய் மூடி.

கணக்கு எளிது. கட்டடங்களில் சாய்தளத்துக்குச் சொல்லப்படும் சரிவு 1:12. அதன்படி 400 மில்லிமீட்டர் ஏற 4.8 மீட்டர் நீளப் பலகை வேண்டும். பேருந்துக் கதவிலிருந்து விரியும் பலகை ஒரு மீட்டர் என்று வைத்துக்கொண்டால், மண்தரையிலிருந்து சரிவு 1:2.5. அது கிட்டத்தட்ட சறுக்குமரம். ஸ்டாப்பில் 150 மில்லிமீட்டர் மேடை இருந்தால் 1:4 ஆகும். வண்டி இடப்பக்கம் சாய்ந்து கொடுத்தால் இன்னும் குறையும், பின்னாலிருந்து ஒருவர் தள்ளி ஏற்றிவிடலாம். நீதிமன்றத்தில் 19 வருடம் போராடி வாங்கிய தளத்தை எங்கள் ஸ்டாப்பில் ஒரு வரிசைக் கல் தோற்கடித்துவிடும்.

2025 ஏப்ரலில், ஒவ்வொரு உள்ளாட்சியிலும் மாற்றுத்திறனாளிகளை உறுப்பினராக நியமிக்கும் சட்டத் திருத்தத்தைச் சட்டமன்றம் நிறைவேற்றியது. கிராம ஊராட்சிக்கு ஒருவர். "நீங்க அப்ளிகேஷன் போடுங்கண்ணா" என்றேன். "முதல்ல மனுவ எழுது, அப்புறம் பாக்கலாம்" என்றார்.

எழுதிக்கொண்டு போனேன். வழக்கமான மனு பாணியில் 'கருணை கூர்ந்து ஆவன செய்யுமாறு' என்று முடித்திருந்தேன். அவர் பேனாவை வாங்கி 'கருணை கூர்ந்து' என்பதை அடித்தார். அப்புறம் 150 என்ற எண்ணைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இது எதுலேர்ந்து 150? ரோட்லேர்ந்தா?"

"ஆமாண்ணா."

"பழைய ரோட்ட சுரண்டாம மேலயே புதுசா போடுவாங்க. ரெண்டு தடவ போட்டா உன் மேடை ரோட்டுக்குச் சமமாயிடும். சுரண்டிட்டுத்தான் போடணும்னு அதையும் சேர்த்து எழுது."

எழுதினேன்.