லூசிடானியா பதக்கம்: அசலா, நகலா?

பழைய ஜெர்மன் வெண்கலப் பதக்கம் என்று ஒன்றை யாராவது நீட்டினால் முதலில் எதைப் பார்ப்பீர்கள்? லூசிடானியா பதக்கம் என்றால் மாதத்தின் பெயரைப் பாருங்கள்.

1915 மே 7 அன்று அயர்லாந்துக் கரையருகே யு-20 என்ற ஜெர்மன் நீர்மூழ்கி லூசிடானியா பயணிகள் கப்பலை மூழ்கடித்தது. ஏறத்தாழ 1,200 பேர் இறந்தார்கள். அதே ஆகஸ்டில் ம்யூனிக் கலைஞர் கார்ல் கோட்ஸ் சொந்தமாக ஒரு பதக்கம் வார்த்தார். ஒரு பக்கம் பீரங்கியும் விமானமும் ஏற்றி மூழ்கும் கப்பல். 'தடைப்பொருள் இல்லை' என்ற நையாண்டி வாசகம். மறுபக்கம் டிக்கெட் விற்கும் எலும்புக்கூடு. 'எல்லாவற்றுக்கும் மேல் வியாபாரம்'. கிண்டல் கப்பல் கம்பெனி மீது. கப்பலில் தோட்டாக்கள் போனதும் உண்மைதான்.

ஆனால் தேதியை மே 5 என்று போட்டுவிட்டார். பிரிட்டன் விடுமா? 'முன்கூட்டியே திட்டமிட்ட கொலை' என்று சொல்லி, சுமார் 3 லட்சம் நகல்கள் வார்த்து, பெட்டியில் வைத்து, ஒரு ஷில்லிங்குக்கு விற்றார்கள். கோட்ஸ் பிறகு 7 என்று திருத்தியும் பயனில்லை.

அசலில் 'மே' ஜெர்மன் எழுத்துக்கூட்டலில் 'ஐ' என்ற எழுத்தில் முடியும். பிரிட்டிஷ் நகலில் ஆங்கில முறைப்படி 'ஒய்'. நகல் இரும்பு, காந்தம் ஒட்டும். வெண்கலத்தில் ஒட்டாது.

கள்ள நோட்டு சிக்கினால் முத்திரை குத்தி ஒதுக்கிவிடுவோம். இந்த நகலோ அசலை விட அதிகம் புழங்கி, ஜெர்மன் அரசே கொடுத்த விருது என்று பலரை நம்ப வைத்தது. அத்தனை பேர் சாவை நையாண்டியாக்கியது கோட்ஸின் தப்பு. அதை விருதாக்கி விற்றது இவர்கள் தப்பு.