லிப்டன் இருக்கைக்குச் செல்லும் பாதை

ஊவா மாகாணத்தில், அப்புத்தளை நகரிலிருந்து ஏறத்தாழ 10 கிலோமீற்றர் தொலைவில் உள்ளது தம்பேதென்னைத் தோட்டம். அதன் உச்சியில் லிப்டன் இருக்கை எனப்படும் காட்சிமுனை ஒன்று உண்டு. வைகறையில் அங்கு நிற்போர் தென்திசைச் சமவெளியை வெகுதொலைவு வரை காணலாம். வெயில் ஏறுமுன்னரே மூடுபனி எழுந்து காட்சியை மறைத்துவிடுதலும் உண்டு. ஆதலின் அதிகாலையிற் செல்லுதலே நன்று. தேயிலைத் தொழிற்சாலையிலிருந்து உச்சிவரை 7 கிலோமீற்றர் அளவு பாதை. வாகனமும் செல்லும், ஆயினும் நடந்து செல்வோரே அம்மலையை நன்கு அறிவர்.

நேயர்களே, இம்மலைகளில் முதலில் ஓங்கியது கோப்பியே. 1869ஆம் ஆண்டில் தோன்றிய இலைநோய் அப்பயிரை அழித்தது. 1867இல் லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெயிலர் பயிரிட்ட தேயிலை, பின்னர் அதன் இடத்தைப் பெற்றது. கோப்பி வீழ்ந்தமையால் தோட்டங்கள் மலிந்த விலைக்கு வந்தன. கிளாஸ்கோவிற் பிறந்த மளிகை வணிகர் தோமஸ் லிப்டன் 1890இல் இங்கு வந்து, தம்பேதென்னை உள்ளிட்ட தோட்டங்களை வாங்கினார். பொதிகளில் அடைத்த தேயிலையைப் பிரித்தானியாவின் எளிய மக்களும் வாங்கத்தக்க விலைக்கு விற்றார். அவர் இம்முனையில் அமர்ந்து தம் தோட்டங்களைப் பார்வையிடுவார் என்பது வழிவழியாகக் கூறப்படும் செய்தி.

ஆனால் காட்டை வெட்டியவர் யார்? சரிவிலே கல்லடுக்கிப் பாதை சமைத்தவர் யார்? பஞ்சமும் கடனும் துரத்தத் தமிழகத்திலிருந்து வந்த தொழிலாளர் அன்றோ! கோப்பிக் காலத்தில் அவர்கள் மன்னார்க் கரையில் இறங்கி, காடு கடந்து மாத்தளைக்குக் கால்நடையாகவே வந்தனர். காய்ச்சலாலும் வாந்திபேதியாலும் வழியிலேயே மாண்டோர் பலர். வந்து சேர்ந்தோரைக் கங்காணியின் முற்பணம் பிணித்தது. கடன் தொகை எழுதிய 'துண்டு' இன்றி வேறு தோட்டத்தில் வேலை பெறுதல் அரிது. அம்முறை 1921இல் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது.

இலங்கை சுதந்திரம் பெற்ற 1948ஆம் ஆண்டிலேயே இயற்றப்பட்ட குடியுரிமைச் சட்டம், இம்மக்களிற் பெரும்பாலாரை நாடற்றவராக்கியது. 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. அதனால் ஒரே லயத்தில் வாழ்ந்த உறவினர் கடலின் இரு கரைகளிலும் பிரிந்தனர். எஞ்சி நின்ற நாடற்றோருக்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003இல்தான் நிறைவேறியது.

இன்றும் அப்பாதையோரத்தில், கூடை சுமந்து கொழுந்து பறிக்கும் பெண்களைக் காணலாம். உலகம் காணவரும் அந்த எழில், அவர்தம் முன்னோரின் உழைப்பால் உருவானது. மலையேறுவோர் லிப்டனின் பெயரோடு இவ்வரலாற்றையும் அறிந்து செல்வார்களாயின், அவர்கள் காணும் காட்சி முழுமை பெறும்.