தைப்பிங்கின் பெயர் தாங்கிய அசோகம்: விதையிலிருந்து வளர்க்கும் முறை

தைப்பிங் ஏரிப் பூங்காவுக்குச் செல்வோரின் கண்ணில் முதலில் படுபவை, நீரின் மேல் கிளை தாழ்த்தி நிற்கும் தூங்குமூஞ்சி மரங்கள். அவை அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தவை. ஆனால் அந்த நகரின் பெயரையே அறிவியல் பெயரில் தாங்கிய மரம் ஒன்று தீபகற்ப மலேசியாவின் காடுகளில் இயற்கையாக வளர்கிறது. மலாயில் ‘காப்பிஸ்’ எனப்படும் அதன் அறிவியல் பெயர் சராக்கா தைப்பிங்ஜென்சிஸ். 1880-களில் சிங்கப்பூர் தாவரவியல் பூங்காவின் கண்காணிப்பாளராக இருந்த நத்தானியேல் கேண்ட்லி இட்ட பெயர் இது. கல்கத்தாவில் பணியாற்றிய டேவிட் பிரெய்ன் 1897-இல் அதை முறைப்படி வெளியிட்டார்.

எது உண்மையான அசோகம்?

கோயில் வாசலிலும் தாமான் வீடுகளின் வேலியோரத்திலும் தூண்போல் நெட்டையாக நிற்கும் மரத்தைப் பலரும் அசோக மரம் என்கிறார்கள். அது நெட்டிலிங்கம். சீதை சிறையிருந்த அசோகவனத்தை நினைவூட்டும் உண்மையான அசோகம் இந்தியா, இலங்கைப் பகுதிக்கு உரியது. காப்பிஸ் அதன் நெருங்கிய உறவு. புளியமரமும் இதே பெருங்குடும்பத்தைச் சேர்ந்தது.

காப்பிஸின் பூக்கொத்துகள் அடிமரத்திலும் முதிர்ந்த கிளைகளிலும் நேரடியாக வெடித்து வரும். மஞ்சளாக மலர்ந்து, நாளாக ஆகச் செம்மஞ்சளாக மாறும். இப்பூவுக்கு இதழ்களே கிடையாது. இதழ்போல் தெரிபவை புல்லிகள். இரவில் மணம் கூடும். பின்னர் நீளமும் அகலமுமான, ஊதா கலந்த சிவப்புக் காய்கள் தொங்கும்.

விதை காத்திருக்காது

காய் முற்றிக் காய்ந்ததும் ஓடு இரண்டாகப் பிளந்து முறுக்கிக்கொள்ளும். விதைகள் கீழே சிதறும். அவற்றை அப்போதே பொறுக்கி, அப்போதே விதைப்பதுதான் இம்மரத்தை வளர்ப்பதில் முதல் விதி. அவரை, பயறு விதையைப்போல் புட்டியில் இட்டு அடுத்த ஆண்டுக்கு வைத்திருந்தால், விதை உலர்ந்து உயிரிழந்துவிடும். உடனே விதைக்க முடியாவிட்டால், ஈரமான தேங்காய் நார்த்தூளில் வைத்துச் சில நாள்களுக்குள் விதைத்துவிட வேண்டும்.

வனக் காப்பகத்திலோ பூங்காவிலோ அனுமதியின்றி விதை எடுக்கக் கூடாது. தனியார் நிலத்தில் மரம் வைத்திருப்பவரிடம் கேட்டுப் பெறுவதே முறை.

விதைப்பும் நாற்றும்

துளை விழுந்த விதைகளையும் தண்ணீரில் மிதப்பவற்றையும் ஒதுக்கிவிடலாம். நல்ல விதைகளை ஓரிரவு ஊறவைத்து, மண், மணல், மக்கிய எரு கலந்த பாலிபேக்கில் கிடைமட்டமாக வைத்து மெல்லிய மண் போர்வையால் மூட வேண்டும். செம்பனை நாற்றுக்குப் பயன்படும் பாலிபேக்கே போதும். அடியில் துளைகள் இருக்க வேண்டும். பை நிழலில் இருக்கட்டும். மண் ஈரமாக இருக்கட்டும். ஆனால் அடித்தட்டில் நீர் தேங்கக் கூடாது. தேங்கினால் வேர் அழுகும், ஏடிஸ் கொசுவும் பெருகும்.

முளைத்த பிறகு ஒரு பயம் வரும். புதிய இலைகள் வெளிறிய நிறத்தில், துவண்டு, ஈரத்துணிபோல் தொங்கும். செடி வாடிவிட்டது என்று நினைத்து அளவுக்கு மீறித் தண்ணீர் ஊற்றி நாற்றைக் கொன்றுவிடுபவர்கள் உண்டு. அது நோயன்று, இம்மரத்தின் இயல்பு. சில நாள்களில் இலை பச்சையாகி விறைப்பாகிவிடும்.

நடும் இடம்

காட்டில் ஓடைக்கரையின் ஈரத்திலும் பிற மரங்களின் நிழலிலும் வளரும் மரம் இது. ஆகவே மதிய வெயில் நேராக விழாத, ஈரம் தங்கும் இடமே ஏற்றது. முழங்கால் உயரம் வந்ததும் மழைக்காலத் தொடக்கத்தில் நடலாம். அடியில் காய்ந்த இலைகளைப் பரப்பி வைத்தால் மண் ஈரம் காக்கும். மரம் விரிந்து வளரும் என்பதால் வீட்டுச் சுவரையும் கால்வாயையும் விட்டுத் தள்ளி நடுவது நல்லது.

விதையிலிருந்து வரும் மரம் பூக்கச் சில ஆண்டுகள் ஆகும். தோட்டப்புறக் கோயில் வளாகம், தமிழ்ப்பள்ளித் திடல், ஓடையோரம் என இடம் இருப்போர் பொறுமையுடன் வளர்த்தால், அசோகம் என்று பிள்ளைகளுக்குக் காட்ட நெட்டிலிங்கத்தைத் தேட வேண்டியிராது. இந்த மண்ணிலேயே பிறந்த அசோகம் பூத்து நிற்கும்.