பலசரக்குக் கடைக்குள்ள ஒரு தபாலாபீஸ்

மலருக்கு நம்ம ஊர் வரலாறு ஒண்ணு எழுதிக் குடுன்னு செயலாளர் அக்கா கேட்டாங்க. நான் பத்தாவது வரைக்கும்தான் படிச்சவ. கோயில் வரலாறு, ஜமீன் வரலாறு எழுத ஆள் இருக்காங்க. எனக்குத் தெரிஞ்சது மேலத்தெரு முக்குக் கடைதான். பிறந்ததும் வாக்கப்பட்டதும் இதே ஊர் என்பதால், அந்தக் கடையைப் பார்க்காத நாள் எனக்கு இல்லை.

ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் நடுவில் இருக்கிற பல கிராமங்களைப் போலத்தான் எங்கள் ஊரும். பலசரக்குக் கடைக்குள்ளேயேதான் தபாலாபீஸ். பலகைக் கதவை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தால் இடது பக்கம் உப்பு மூட்டை, கருப்பட்டிச் சிப்பம், மண்ணெண்ணெய் பீப்பாய். வலது பக்கம் ஒரு சின்ன மேசை, அதில் தேதி முத்திரை, மை டப்பா, அரக்கு, தபால் நிறுக்கிற குட்டித் தராசு. எங்க ஊருக்கு வந்த கடிதமெல்லாம் பெருங்காய வாசத்தோடதான் கைக்கு வரும்.

ஏன் கடைக்குள்ள வச்சாங்கன்னு சின்ன வயசில் யோசித்ததே இல்லை. பிறகுதான் தெரிந்துகொண்டேன். கிராமத்துக் கிளை அஞ்சலகத்தை நடத்துகிறவர் முழுநேர அரசு ஊழியர் இல்லை. அவருக்கு வேறு பிழைப்பு இருக்க வேண்டும், இடமும் அவரே கொடுக்க வேண்டும் என்பது இலாகாவின் விதி. அதனால் கடைக்காரர், வாத்தியார், கொஞ்சம் நிலம் உள்ளவர் இவங்கதான் போஸ்ட் மாஸ்டர் ஆனாங்க. தினம் சில மணி நேர வேலை, அதுக்கு ஒரு சின்னத் தொகை. இப்போது அவர்களுக்குக் கிராமிய அஞ்சல் ஊழியர் என்று பெயர்.

இந்திய அஞ்சல் துறை 1854 அக்டோபர் 1-ல் தொடங்கியது. எவ்வளவு தூரம் போனாலும் கடிதத்துக்கு ஒரே கட்டணம் என்று ஆனது அப்போதுதான். கால் அணா போஸ்ட் கார்டு 1879-லும், மணியார்டர் 1880-லும், சேமிப்பு வங்கி 1882-லும் வந்தன. ஆனாலும் சுதந்திரம் கிடைத்த 1947-ல் நாடு முழுக்க இருந்த அஞ்சலகங்கள் 23,344 மட்டுமே. இன்றைக்கு ஒரு லட்சத்து அறுபதாயிரத்துக்கும் மேல் இருக்கின்றன, பத்தில் ஒன்பது கிராமத்தில். அதுக்குக் காரணம் எங்க முக்குக் கடை மாதிரி கடைகளும் திண்ணைகளும்தான்.

மலைக்கு அந்தப் பக்கத்துக் கதை வேறு. திருவிதாங்கூர் ராஜாவுக்குத் தனித் தபால் இருந்தது. அதுக்குப் பேரே ‘அஞ்சல்’. சலங்கை கட்டின கம்போடு ஓட்டக்காரர் தபால் பையைச் சுமந்து ஓடுவார். தென்காசி தாண்டி இருக்கிற செங்கோட்டைகூட 1956 வரைக்கும் அந்தச் சீமைதான். அந்த அஞ்சல் 1951-ல் இந்தியத் தபாலோடு சேர்ந்துவிட்டது. பேர் மட்டும் நம்மகிட்டத் தங்கிருச்சு.

எங்க வீட்டுப் பழைய கார்டுகளை அடுக்கி வைத்தால் விலாசமே ஒரு சரித்திரம். முதலில் ‘இராமநாதபுரம் ஜில்லா’ என்று இருக்கும். 1985-ல் மாவட்டம் பிரிந்த பிறகு ‘காமராசர் மாவட்டம்’, 1997-க்குப் பிறகு ‘விருதுநகர் மாவட்டம்’. ஊர் இருந்த இடத்திலேயே இருந்தது. 1972-ல் வந்த பின்கோடு மட்டும் மாறவே இல்லை.

இனி மணியார்டர் விஷயத்துக்கு வருகிறேன். இதை எழுதத்தான் பேனாவை எடுத்தேன்.

எங்க சித்தப்பா பம்பாயில் வேலை பார்த்தார். மாதம் ஆச்சிக்கு இருநூறு ரூபாய் மணியார்டர் போடுவார். நூறு ரூபாய்க்கு அஞ்சு ரூபாய் கமிஷன். ஃபாரத்தின் அடியில் ஒரு துண்டுக் கூப்பன் உண்டு, அதில் நாலு வரி சேதி எழுதலாம். கடிதம் எழுதச் சோம்பல்படுகிற சித்தப்பாவுக்கு அந்த நாலு வரியே போதும். ‘சுகம். காலுக்குத் தைலம் வாங்கிக்கொள்ளவும்.’ இதைப் படிச்சுக் காட்டுறதும் கடைக்காரத் தாத்தாதான். 1962-ல் தொடங்கின முதியோர் பென்ஷனும் ரொம்ப காலம் மணியார்டராகத்தான் வந்தது.

சிக்கல் என்னன்னா, மணியார்டர் பணத்தைத் தருகிறவரும், பற்று நோட்டு வைத்திருக்கிறவரும் ஒரே ஆள். ஆச்சி இருநூறுக்குக் கைநாட்டு வைப்பாள். தாத்தா பற்று நோட்டைப் புரட்டி, ‘உனக்கு நூத்தி நாப்பது நிக்குது’ன்னு கழித்துக்கொண்டு அறுபதைக் கையில் கொடுப்பார். கணக்கில் பொய் இருக்காது, அது சத்தியம். ஆனால் மகன் அனுப்பின முழுப் பணத்தை ஆச்சி ஒரு மாதமும் தொட்டுப் பார்த்ததில்லை. ஊரில் பாதிப் பொம்பளைகளுக்கு இதே கதைதான்.

ஒரு நாள் ஆச்சி பெருவிரலை மையில் வைக்காமல் நின்றாள். நான் அவள் சேலையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றேன், ஏழெட்டு வயசிருக்கும். “முதல்ல பணத்தை என் கையில குடு. நான் எண்ணிக்கிறேன். பெறகு உன் கடனை நானே தாரேன்” என்றாள். கடையில் நின்றவர்கள் சிரித்தார்கள். தாத்தாவுக்கு முகம் சிவந்துவிட்டது. “அப்ப என்னை நம்பலையா?” என்றார். “நம்புறேன். எம்மகன் பணம், நான் தொட்டுப் பாக்கணும்” என்றாள் ஆச்சி. அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, இருநூறையும் எண்ணி வைத்தார். ஆச்சிக்கு எண்ணத் தெரியாது. பத்துப் பத்தாகப் பிரித்து என் கையில் கொடுத்து எண்ணச் சொன்னாள். பிறகு நூத்தி நாப்பதை மேசையைச் சுற்றிப் போய், பலசரக்குப் பக்கம் நின்று கொடுத்தாள். அடுத்த மாதத்திலிருந்து தாத்தா எல்லாருக்கும் அப்படியே கொடுத்தார் என்று அம்மா சொல்வாள். விதிப்படி முழுப் பணத்தையும் கையில்தான் தரணும் என்பது எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது.

தாத்தாவைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. எத்தனையோ வீட்டு ரகசியம் அவர் வாசித்த கடிதத்தில் இருந்தது, ஒண்ணுகூட வெளியே வந்ததில்லை. எங்க அம்மா பேண்டேஜ் தறிக்குப் போய்வந்த கூலியில் மாதம் பத்து ரூபாய் ஆர்.டி. கட்டினாள். பாஸ்புக் வீட்டில் இருந்தால் அப்பா கண்ணில் படும் என்று கடையிலேயே, சீரக டப்பாவுக்குப் பின்னால் வைத்திருந்தார். அம்மா மாதிரி நாலைந்து பேருடைய புத்தகம் அங்கே இருந்ததாம். அஞ்சு வருஷம் முடிந்து வந்த பணத்தில்தான் எனக்குக் காதுக்குத் தோடு வந்தது. 1989-ல் தருமபுரியில் சுயஉதவிக்குழு ஆரம்பித்து, நம்ம பக்கம் வந்து சேர்வதற்கு முன்னாடியே எங்க ஊர்ப் பொம்பளைகளுக்குச் சேமிப்பு பழக்கமாகியிருந்தது அந்தச் சீரக டப்பாவால்தான் என்பது என் எண்ணம்.

தாத்தாவுக்கு அறுபத்தஞ்சு வயசானதும் தபால் வேலை முடிந்தது. பிள்ளைகள் கோயம்புத்தூர் போய்விட்டார்கள், கடையும் நின்றது. இப்போது கிளை அஞ்சலகம் கீழத்தெருவில், போஸ்ட் மாஸ்டராக இருக்கிற ஒரு தங்கச்சி வீட்டு முன்னறையில் நடக்கிறது. ஆர்.டி. கட்டக் குறைந்தது நூறு ரூபாய். பெண் பிள்ளைகளுக்கு 2015-ல் வந்த செல்வமகள் சேமிப்புக் கணக்கையும் அவளிடமே தொடங்கலாம். 2018-ல் அஞ்சல் துறை வங்கி வந்த பிறகு, எந்த பேங்க்கில் பணம் இருந்தாலும் ஆதாரும் விரலும் இருந்தால் வாங்கிக்கொள்ளலாம். 2023 செப்டம்பர் 15-ல் தொடங்கின மகளிர் உரிமைத்தொகை ஆயிரத்தை, பஸ் ஏறாமல் இங்கேதான் எடுக்கிறோம்.

ஆனால் பஞ்சு மில்லிலும் தறியிலும் தேய்ந்த விரலை மெஷின் சில நேரம் ஏற்பதில்லை. எங்க அம்மாவுக்கு மூணு விரல் மாத்தி வச்சாத்தான் விழும். அன்றைக்கும் அப்படித்தான், நாலாவது தடவையில் பச்சை விளக்கு எரிந்தது. தங்கச்சி இரண்டு ஐந்நூறு ரூபாய் நோட்டை நீட்டினாள். அம்மா வாங்கி வெளிச்சத்தில் பார்த்துவிட்டு, என்னிடம் கொடுத்து, “எண்ணிச் சொல்லு” என்றாள். இரண்டு நோட்டுதான், எண்ணிச் சொன்னேன்.

உங்க வீட்டுப் பரணில் பழைய கார்டோ, கூப்பனோ, பாஸ்புக்கோ இருந்தால் எடைக்குப் போட வேண்டாம். அடுத்த கூட்டத்துக்கு எடுத்து வாங்க. ஆச்சியின் கூப்பன் பதினொன்று என்னிடம் இருக்கிறது, நானும் கொண்டுவருகிறேன்.